பாதியில் விட்டவர்: எவருமில்லை

1

இந்தக் கதை என் தலையில் உதித்ததல்ல. ஓர் அரசாங்கப் பதிலிலிருந்து வந்தது. அவை உறுப்பினர் ஒருவர் எழுத்துமூலம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி வகுப்புகளில் (அ) பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், (ஆ) விட்டதற்கான காரணங்கள் என்ன, (இ) அவர்களை மீண்டும் சேர்க்க அரசு என்ன செய்தது?

அமைச்சரின் பதில்: (அ) எவருமில்லை. (ஆ) வினா எழவில்லை. (இ) வினா எழவில்லை.

நான் பாதியில் விட்டவன். கொதிகலன் இயக்கும் பயிற்சி, பன்னிரண்டு பாடம். ஆறாவதோடு நின்றுவிட்டேன். ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பதிலைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தலை சுற்றுகிறது. விட்டது நானில்லை என்றால் வேறு யார்?

கதையில் என்னை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். 'நான்' என்று போட்டால் எனக்கு நானே பரிந்து பேச ஆரம்பித்துவிடுவேன். அவனுக்கு அந்தச் சலுகை தேவையில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கொதிகலன் அறையின் வெக்கையில் நின்றபடி அவன் தன் வாழ்க்கையை எண்ணிப் பார்த்தான்."

அடித்துவிட்டேன். கொதிகலன் அறையில் எவனும் வாழ்க்கையைப் பார்ப்பதில்லை. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பான்.

இரண்டாவது முயற்சி: அவர்கள் வீட்டில் படுக்கை ஆறுவதே இல்லை.

இது இருக்கட்டும். அவன் ஒரு மருத்துவமனையின் கொதிகலன் அறையில் இரவுப்பணி உதவியாள். மனைவி துணிக்கடையில் பகலெல்லாம் நிற்பவள். அவள் எழுந்த சூட்டில் இவன் போய்ப் படுப்பான். காலை ஒன்பது மணிக்கு இவன் செருப்பைக் கழற்ற, அவள் செருப்பை மாட்ட, இடையில் வாசலில் இருக்கும் இரண்டு நிமிடம்தான் அவர்கள் குடும்பம் நடத்தும் நேரம்.

அப்படி ஒரு இரண்டு நிமிடத்தில் அவள் கேட்டாள்.

"ஏங்க, உங்க பகல் ஆபரேட்டர் நாலு மாசத்துல ரிட்டையர் ஆகுறாராமே. அந்த வேலை உங்களுக்குக் கிடைக்காதா?"

"அதுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும்."

"படிக்கப் போனீங்களே?"

"பாதி படிச்சேன்."

"மீதியைப் படிங்க. வாத்தியார் என்ன செத்தா போயிட்டாரு?" ஒரு காலில் செருப்போடு நின்று அவனைப் பார்த்தாள். "எனக்கு உங்க மூஞ்சியே மறந்துபோச்சுங்க. முதுகு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

3

அவன் ஏன் விட்டான்? இந்த இடத்தில் மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். குழந்தைக்குக் காய்ச்சல். (அவர்களுக்குக் குழந்தை இல்லை.) பணிநேரம் மாறியது. (மாறவில்லை.) வாத்தியார் அவமானப்படுத்தினார். (வாத்தியார் எல்லோரையும்தான் திட்டுவார், அது அவர் பேசும் விதம்.)

உண்மை கதைக்கு உதவாதபடி சின்னதாக இருக்கிறது. ஒரு வியாழக்கிழமை மழை, அவன் போகவில்லை. அடுத்த வியாழன், போன வியாழன் போகாததால் போகவில்லை. அதற்கடுத்த வியாழன் அதைவிடப் பெரிய காரணமாகிவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவனுக்கு நீங்கள் இரக்கப்படுவீர்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

4

மறுநாள் பயிற்சி நிலையத்துக்குப் போனான். கவுன்டரில் இருந்த பெண் அவன் எண்ணைக் கணினியில் தட்டினாள், உதட்டைக் கடித்தாள், மறுபடி தட்டினாள்.

"உங்களைச் சேர்க்க முடியாது சார். நீங்க ஏற்கெனவே படிச்சிட்டிருக்கீங்க."

"எங்க?"

"இங்கதான்."

"எப்போலேருந்து?"

"ஆறு வருஷமா."

வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். "ஊன்றிப் படிக்கிறார் போல."

"நான் பாதியில விட்டுட்டேம்மா."

"அப்படி விட முடியாது சார், அதுக்குக் கட்டமே இல்ல. தலைமை ஆபீஸ்ல பதிலக்காவைப் போய்ப் பாருங்க. மந்திரி சொல்ற பதிலெல்லாம் அவங்க எழுதுறதுதான்."

5

பதிலக்காவை நேரில் பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட்டேன். மெல்லிய உதடு, சங்கிலி கோத்த கண்ணாடி, தலை நிமிராமல் பேசும் பழக்கம். கதைக்கு ஒரு வில்லி தேவைப்பட்டாள்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டியதாயிற்று. மாடிப்படி முடியும் இடத்தில், மூன்று பக்கமும் கோப்பு அடுக்கிய அறையில், குதிகால் வலிக்காக ஒற்றைச் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மாள். அவன் சொன்னதைக் கேட்டு மேசையில் தட்டிச் சிரித்தார்.

"தம்பி, நீங்கதானா அது! அந்தப் பழைய வகுப்புக் கணக்குல வருஷா வருஷம் 'தொடர்பவர், ஒருவர்'னு வரும். யாரு இந்தப் படிப்பாளின்னு நினைப்பேன்."

படிவத்தை எடுத்துக் காட்டினார். இரண்டே கட்டங்கள்: முடித்தவர், தொடர்பவர்.

"மூணாவது கட்டம் எங்க மேடம்?"

"பேப்பர்ல இடம் பத்தல. பழைய படிவத்துல இருந்துச்சு. அப்புறம் அதிகாரி கையெழுத்துக்கு இடம் வேணும்னாங்க. எதையாவது எடுக்கணும்ல?"

"அதனால எவருமில்லையா?"

"வந்ததைக் கூட்டினேன், கழிச்சேன். பூஜ்யம் வந்துச்சு. பூஜ்யம்னு எழுதினா மரியாதையா இருக்காதுன்னு எவருமில்லைன்னு எழுதினேன்."

"இப்ப நான் விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்தா?"

"தாராளமா குடுங்க. அப்புறம் அமைச்சர் அவையில எழுந்திரிச்சு, 'அன்னைக்குச் சொன்னது தப்பு, ஒருத்தர் விட்டுட்டார்'னு சொல்லணும். ஒரு மழைக்காக." அவர் சிரிப்பு அடங்கியது. பேனாவைத் திறந்தார். "வேற வழி இருக்கு. முடிச்சவர்னு போட்டுடறேன். இந்தப் பயிற்சிக்குப் பரீட்சை கிடையாது. அடுத்த வாரம் சர்ட்டிஃபிகேட் வீட்டுக்கு வரும்."

பேனா முனை கட்டத்தின் மேல் நின்றது. அவனுக்கு மனைவியின் ஒற்றைச் செருப்புக் கால் ஞாபகம் வந்தது.

"ஏழாவது பாடம் சேஃப்டி வால்வு, அக்கா."

'மேடம்' எப்போது 'அக்கா' ஆனது என்று எனக்குத் தெரியவில்லை.

"அதனால?"

"அந்த வால்வோட நெம்புகோலை ஆபரேட்டர்தான் தொடுவாரு.* பகல்ல நான் தனியா நிக்கணும். எனக்கு மேல மூணு மாடி. எல்லாம் எழுந்து ஓட முடியாதவங்க."

பதிலக்கா பேனாவை மூடினார்.

* ஆறு வருடம் பக்கத்தில் நின்றும் கற்றுக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். அழுத்தம் மிஞ்சும்போது ஆவியைத் திறந்துவிடும், சிவப்பு வண்ணம் அடித்த நெம்புகோல் அது. உதவியாள் கை அதில் படக்கூடாது என்பது விதி. அவன் விதியை மீறாதவன் என்று பெருமையாக எழுதலாம். ஆனால் பயம்தான்.

6

முடிவு, ஒன்று: அவன் சான்றிதழை வாங்கிக்கொண்டான். பகல் வேலை கிடைத்தது. கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் உறங்கினார்கள். ஐந்தாவது மாதம், ஒரு காலை, அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியபோது அவன்

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

முடிவு, இரண்டு: அமைச்சர் அவையில் எழுந்து நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்டார். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு, மூன்று. இது நடந்தது.

பதிலக்கா படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்தார். பிறகு, "தொடர்பவர்னு அரசாங்கமே சொல்லியிருக்குல்ல?" என்றார்.

"ஆமா."

"அப்போ தொடருங்க. உங்களை எதுக்குப் புதுசா சேர்க்கணும்?"

ஒரு தாளை இழுத்து எழுதினார்: 'இவர் பயிற்சியில் தொடர்கிறார். ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான பாடங்கள் நிலுவை. வியாழன்தோறும் காலை பத்து மணிக்கு நடத்தவும்.' பயிற்சி நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். வாத்தியாரின் குரல் அறைக்கே கேட்டது.

"அவனா! பாத்ரூம் போயிருக்கான்னுல்ல நினைச்சிட்டிருந்தேன். வரச் சொல்லுங்க, தோலை உரிக்கிறேன்."

அவன் மாடிப்படி இறங்கினான். அவனுக்குச் சந்தோஷமா? எனக்குத் தெரியவில்லை. அவன் விடவே இல்லை என்றால், ஆறு வருடமாக அவன் பட்ட வெட்கம் யாருடையது? பயிற்சி நிலையம் இருக்கும் தெருவைத் தவிர்க்க தினமும் சுற்றிப் போனானே, அந்த நடை? அதற்கெல்லாம் படிவத்தில் எங்கே இடம்? பதிலக்கா அவனுக்கு உதவினாரா, தன் பதிலைக் காப்பாற்றிக்கொண்டாரா? இரண்டுமாக இருக்கலாம். தெரியவில்லை.

7

கதையை அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தக் கடிதப்படி முதல் வகுப்பு போன வியாழன்.

போன வியாழன் அவன் போகவில்லை. உட்கார்ந்து இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்தான். இன்று மறுபடி வியாழன். கொஞ்ச நேரம் முன்பு, ஒன்பது மணிக்கு, வாசலில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"போன வாரம் போனீங்களா?"

"எழுதிட்டிருந்தேன்."

"என்னத்த?"

"போகப்போறதை."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அப்போ இன்னைக்கும் எழுதுவீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த முதுகை இப்போது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மணி ஒன்பதரை. நிலையத்துக்கு நடக்க இருபது நிமிடம். இந்தக் கதைக்கு ஒரு நல்ல முடிவு எழுத எனக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். எதையாவது ஒன்றைத்தான் முடிக்க முடியும் போலிருக்கிறது, எதையாவது ஒன்றைப் பாதியில்

வாசலிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் நிலையம். வலப்பக்கம் திரும்பினால் ஆறு வருடமாக அவன் நடந்த சுற்றுவழி. அவன் எந்தப் பக்கம் போனான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை. பேனாவை வைத்துவிட்டேன். செருப்பு இன்னும் காலில்தான் இருக்கிறது, இன்று நான் அதைக் கழற்றவே இல்லை.

இந்தக் கதையைப் பாதியில் விட்டவர்: ஒருவர்.