ஏலம் கேட்ட தகரம்

பவுலின் இடது தோள்வலி 1942ஆம் வருஷம் சத்தம் போட ஆரம்பித்தது. உப்பு மூட்டை சுமக்கிறவனுக்குத் தோள் வலிப்பதில் புதினம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வலி துருவேறிய கப்பி மாதிரிக் கிறீச்சிட்டது. மூன்று வீடு தள்ளிப் படுத்தவர்களுக்கும் கேட்டது. தெருவார் மனுக் கொடுத்தார்கள். சுகாதார அதிகாரி வந்து காது வைத்துக் கேட்டு, எண்ணெய் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

வலிக்குக் காரணம் உப்பல்ல, சீட்டு. தூத்துக்குடிக் கரையில் தோணிக்கு உப்பேற்றும் ஆட்கள் மத்தியானக் கஞ்சிக்குப் பிறகு நாலு நாலு பேராக ஆடும் ஆட்டம் அது. கைச்சீட்டைப் பார்த்து எத்தனை பிடி எடுப்பேன் என்று ஏலம் கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவன் கேட்டதை எடுத்தால், மற்றவர்கள் மறுநாள் ஆளுக்குப் பத்து மூட்டை அவனுக்காகச் சுமக்க வேண்டும். எடுக்காவிட்டால் அவன் எல்லாருக்கும் சுமக்க வேண்டும். பவுலின் காது மீன் ஏலத்தில் வளர்ந்தது. எவன் நாலு என்றாலும் அவன் வாய் ஐந்து என்றுவிடும். கூட மூட்டை சுமந்து கூடவே ஆடும் சங்கரலிங்கத்துக்கு இது போதும். “நாலு கேக்கேன். ஏலே பவுலு, நீ கேக்காதல, உனக்குத் தெம்பு காணாது” என்பான். பவுல் ஐந்து கேட்பான். மறுநாள் முப்பது மூட்டை கூடுதல்.

“உங்க வாயிதான் மூட்ட சுமக்க வைக்குது. வாயில்லாத ஒண்ணுகிட்ட சீட்டக் குடுங்க” என்றாள் அவன் மனைவி சலேத்தம்மாள். அப்படியே செய்தான். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றுக்கு இரண்டு கம்பிக் கைகளை வைத்து, ஆட்டத்தின் முறைகளைக் கயிற்றில் முடிச்சுகளாகப் போடச்சொல்லி உள்ளே இறக்கினான். பெரிய சீட்டு ஒன்றுக்கு ஒரு முடிச்சு; முடிச்சை எண்ணி அத்தனை கேள்; எதிராளி மேலே போனால் சும்மா இரு. முடிச்சுப் போட்டவள் சலேத்தம்மாள். மீன் விற்கிற அவள் கூடையில் முதல் மீன் எப்போதும் மாதாவுக்கு. அதை ஒதுக்கிவிட்டுத்தான் எண்ணுவாள். கயிற்றிலும் கைப்பழக்கத்தில் முதல் முடிச்சை ஒதுக்கிவிட்டாள்.

ஆகவே தகரம் ஐந்து பிடி எடுக்கக்கூடிய கைக்கு நாலுதான் கேட்டது, தன் வயிற்றில் நாலு தட்டுத் தட்டி. சங்கரலிங்கம் அதைத் திறந்து பார்த்தான். உள்ளே கயிறு மட்டும் கிடந்தது. “கயிறுதாம்ல” என்று மூடிவிட்டுச் சீட்டைப் போட்டான். யாராவது ரோஷப்பட்டு மேலே கேட்டால் தகரம் விட்டுக்கொடுத்தது, கேட்டவன் கவிழ்ந்தான். இரண்டு மாதத்தில் பவுலின் மூட்டையெல்லாம் சங்கரலிங்கத்தின் தோளில் ஏறிற்று. தெரு நிம்மதியாகத் தூங்கியது.

உப்பு முதலாளி கெட்டிக்காரர். மறுவருஷம் முடிகிற சமயம், மூட்டைக் கணக்கு வைக்கும் மேஸ்திரி படிப்பணம் கூட்டிக் கேட்ட வாரம், அவரை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் தகரத்தை உட்காரவைத்தார். அது டீ கேட்காது; கலியாணம், காய்ச்சல் என்று லீவு எடுக்காது. ஏறுகிற மூட்டைக்கெல்லாம் தட்டித் தட்டிக் கணக்கு வைத்தது. ஆளுக்கு ஆள் முதல் மூட்டைக்கு மட்டும் தட்டவில்லை. அந்தக் கூலி மாதாவுக்கு. மாதா எடுத்துப்போக வராததால் முதலாளி அதைத் தம் கல்லாப்பெட்டியில் பத்திரப்படுத்தினார். பங்குச் சாமியார் விசாரித்தபோது, இரண்டு மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பினார்.

“ஏளா, அந்த முடிச்ச அவுத்துரு. தெனம் ஒரு மூட்ட ஓசியில சுமக்கேன்” என்றான் பவுல்.

“மாதாவுக்குப் போட்டத நான் அவுக்க மாட்டேன். செஞ்சவரு நீங்கதான, அவுருங்க.”

பவுல் தோணி கட்டும் பாலத்தில் எல்லாரும் பார்க்கத் தகரத்துக்குள் கைவிட்டான். கை முட்டிவரைகூடப் போகவில்லை. கயிறு வளர்ந்திருந்தது. அவனும் போடாத, அவளும் போடாத முடிச்சுகள் விளிம்புவரை நிறைந்திருந்தன. எது எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. தகரம் ஒரு தட்டுத் தட்டியது. வேலை நேரத்தில் கைவிட்டதற்காக அரைநாள் கூலி பிடித்தம் என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

உலகச் சண்டை முடிந்தது, வெள்ளைக்காரன் போனான், தோணிகளில் கொடி மாறியது. தகரம் மாறவில்லை. காலையில் வருகிற ஆட்கள் அதன் தலையில் உட்கார்ந்த காக்கையை விரட்டிவிட்டு, “வணக்கம் மேஸ்திரி அண்ணாச்சி” என்று சொல்லித்தான் மூட்டையைத் தூக்குகிறார்கள். 1949 முடிய, பவுலுக்கு ஆறு வருஷத்து முதல் மூட்டைக் கூலி பாக்கி.