பட்டியலில் இல்லாத சூரை

வாரத்துக்கு ஐயாயிரம் ரூபாய், அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்பது திலகசிறி போட்ட சட்டம். முப்பது வருடம் கூட்டுறவுக் கடையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை காலையில் பழைய சிட்டைத் தாளின் பின்பக்கம் பட்டியல் எழுதி, அதற்குள் பணத்தை மடித்துத் தம்பி மனைவி மல்காந்தியிடம் நீட்டுவார். அரிசி, பருப்பு, நெத்தலிக் கருவாடு, தேங்காய் நான்கு, சீனி கால் கிலோ, பால்மா சின்னப் பைக்கற்று ஒன்று. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கும்.

தம்பி ஜினதாச நுரையீரல் நோயில் படுத்த பிறகுதான் வீட்டுச் செலவு அவர் கைக்குப் போனது. ஜினதாசவின் லொறியை விற்ற காசும் அவரிடம்தான் இருந்தது. "நோய் எத்தனை நாளைக்குன்னு யாருக்குத் தெரியும்? இறுக்கிப் பிடிச்சாத்தான் தாக்குப் பிடிக்கலாம்" என்றார். அதில் அப்போது மல்காந்திக்கும் தவறு தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் பையை எடுக்கும்போது ஜினதாச படுக்கையிலிருந்து கூப்பிட்டான்.

"மல், சந்தையில சூரை மீன் வந்திருக்குமா?"

"வந்திருக்கும். ஏன்?"

"புளி பூசி, சட்டியில வத்த வச்சு ஒரு நாளைக்குத் தாயேன். ரெண்டு துண்டு போதும். வாய் செத்துப்போய்க் கிடக்கு."

முற்றத்தில் நின்ற திலகசிறிக்கு அது கேட்டது. "இன்னிக்குச் சூரை கேப்பே, நாளைக்கு இறால் கேப்பே. அப்புறம் நான் பட்டியல் எழுதுறது எதுக்கு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கம்புருப்பிட்டியச் சந்தையில் மீன்காரி பேமாவதியின் பலகை முன்னால் மல்காந்தி வெகுநேரம் நின்றாள். சூரை வந்திருந்தது. வெட்டின இடம் கருஞ்சிவப்பாக இருந்தது.

"என்ன நங்கி, வாராவாரம் வந்து பாத்துட்டுப் போறே. பாக்கிறதுக்குக் காசு வாங்கியிருந்தா நான் இந்நேரம் மாடி வீடு கட்டியிருப்பேன்" என்றாள் பேமாவதி. இளையவர்கள் எல்லாரும் அவளுக்கு நங்கி, தங்கச்சிதான்.

பணம் கையில்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போனதும் திலகசிறி ஒவ்வொரு பொருளாக விலை கேட்டுப் பட்டியலில் குறிப்பார். மல்காந்தி நெத்தலிக் கருவாடு வாங்கிக்கொண்டு திரும்பினாள். "அடுத்த வாரம் பாக்கலாம்" என்று கணவனிடம் சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டினான். செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப்போனான்.

ஆறாம் நாள், இறந்தவன் ஆசைப்பட்டுச் சாப்பிட்டதை எல்லாம் சமைத்து இலையில் போட்டுத் தோட்டத்தின் எல்லையில் அவனுக்கென்று வைப்பது வழக்கம். அன்று காலையில் திலகசிறி யாரும் சொல்லாமலே பஸ் ஏறிப் போய் இரண்டு கிலோ சூரை வாங்கி வந்தார்.

"தம்பிக்கு இதுன்னா உயிர். இதுக்கெல்லாம் காசைப் பாக்க முடியுமா?" என்று உறவுக்காரர்கள் முன்னால் குரல் உடைந்து அழுதார். பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அவர் பொய்யாக அழவில்லை. மல்காந்திக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் மீனை வெட்டினாள், புளி அரைத்துப் பூசினாள், சாறு வற்றும் வரை அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் சாய்வதற்குள் இலையை வைத்தார்கள். காகங்கள் வந்தன. இரண்டு துண்டு கேட்டவனுக்கு இரண்டு கிலோ. கடைசிக் காகம் பறக்கும் வரை அவள் அங்கேயே நின்றாள். இந்தத் திலகசிறியின் நாக்கு ஒரு நாள் ஏங்க வேண்டும், ஏங்கியும் கிடைக்காமல் போக வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் பிக்குகளுக்குத் தானம் கொடுத்து முடிந்து உறவினர்கள் கிளம்பும்போது பேச்சு வந்தது. விலைவாசி இப்படி ஏறுகிறதே, மல்காந்திக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்களேன் என்றார் ஒரு பெரியவர்.

"மூணு பேருக்குப் போதுமா இருந்த காசு ரெண்டு பேருக்குப் போதாதா? நாலாயிரம் குடுத்தாலே மிச்சம் பிடிப்பா. நான் பழக்கி வச்சிருக்கேன்ல" என்றார் திலகசிறி.

"நாலாயிரமே போதும் லொகு ஐயா" என்றாள் மல்காந்தி. பெரியண்ணன் என்ற முறையில் அவள் அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

இப்படி ஒரு பெண் கிடைக்க வேண்டுமே என்று எல்லாரும் மெச்சினார்கள்.

மல்காந்தியைத் தவிர யாருக்கும் தெரியாத ஒன்று அந்த வீட்டில் இருந்தது. ஐயாயிரம் ஒருபோதும் போதியதில்லை. பால்மா மூன்று நாளில் தீரும். மீதி நாட்களுக்கு மல்காந்தி கோழி முட்டை விற்று வாங்குவாள். வயல் வரப்பில் கீரை பறிப்பாள். ஆலையில் குறுணை கேட்டு வாங்கி அரிசியோடு கலப்பாள். சந்தை கலையும் வரை காத்திருந்து வாடின காயை அரை விலைக்கு எடுப்பாள். மாலைத் தேநீரோடு திலகசிறி கடித்துக்கொள்ளும் கருப்பட்டித் துண்டு எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. அது தானாக வருகிறது என்று அவர் நினைத்திருந்தார்.

மல்காந்தி வேறொன்றும் செய்யவில்லை. பட்டியலில் எழுதியதை மட்டும் வாங்கினாள்.

முதல் வாரம் புதன்கிழமையே ஆரம்பித்தது.

"நங்கி, தேத்தண்ணியில சீனி இல்லையே."

"தீந்துடுச்சு லொகு ஐயா."

"புதன்தானே இன்னிக்கு!"

"கால் கிலோன்னு எழுதியிருக்கீங்க. அது செவ்வாயோட சரி."

"முந்தியெல்லாம் எப்படிப் போதுச்சு?"

"முந்தி முட்டை வித்த காசு இருந்துச்சு."

"இப்ப கோழி முட்டை போடலையா?"

"போடுதே. அந்தக் காசுக்கு விகாரையில விளக்குக்கு எண்ணெய் வாங்குறேன். உங்க தம்பி பேருல."

சீனி இல்லாத தேநீரை ஊதி ஊதிக் குடித்தார்.

பிறகு பாலும் போனது. தேங்காய் புதனோடு முடிந்து, வியாழனும் வெள்ளியும் பருப்பு வெறும் தண்ணீரில் வெந்தது. பட்டியலில் தொகையைக் கூட்டினால், உறவினர்கள் முன்னால் சொன்னதை அவரே விழுங்க வேண்டும். கூட்டவில்லை. பட்டியலைத்தான் திருத்தித் திருத்தி எழுதினார். பருப்பைக் குறைத்துச் சீனியை ஏற்றினார், சீனியைக் குறைத்துத் தேங்காயை ஏற்றினார். மல்காந்தி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு போனாள். அவளும் அதையேதான் சாப்பிட்டாள். ரவிக்கை தோளில் தொங்க ஆரம்பித்தது. அந்தப் பசி அவளுக்கு ருசித்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே திலகசிறி சொன்னார்: "மீன் தின்னு எத்தனை நாளாச்சு. இந்தச் சனிக்கிழமை ஒரு துண்டு சூரை வாங்கேன்."

"பட்டியல்ல இல்லையே."

"எழுதித் தாறேன். காசும் தனியாத் தாறேன், போதுமா?"

"வேணாம் லொகு ஐயா. உங்க ஆறாம் நாளைக்கு வைக்கிறேன். ரெண்டு கிலோ. ஒரு துண்டு குறைக்க மாட்டேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. அவளை ஏறிட்டுப் பார்த்தார். எழுந்து போய்க் கை கழுவினார்.

சனிக்கிழமை பட்டியல் வரவில்லை. அவரே பையை எடுத்துக்கொண்டார். மல்காந்தியும் பின்னால் போனாள். அவள் நின்ற இடத்தில் அவர் நிற்பதையும், எதைத் திருப்பி வைப்பது என்று தெரியாமல் முழிப்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்காகவே போனாள்.

அரிசிக்கும் பருப்புக்கும் நாலாயிரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. பேமாவதியின் பலகை முன்னால் அவர் நின்றார்.

"ஆ, கூட்டுறவு மாத்தையா! பாக்கிறதுக்கு நீங்களும் வந்துட்டீங்களா? குடும்பத்தோட ஒருத்தர் மாத்தி ஒருத்தர்தானா?" என்றாள் பேமாவதி.

திலகசிறி மீனைப் பார்த்தார். சட்டைப் பைக்குள் கை விட்டார். "ஒரு கிலோ வெட்டு" என்றார்.

அவ்வளவுதான். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

ஜினதாச சூரை கேட்ட சனிக்கிழமை மல்காந்திக்கு நினைவு வந்தது. அன்றைக்கு அவள் கையிலும் பணம் இருந்தது. யாரும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இரண்டு துண்டு வாங்கியிருந்தால் அவர் திட்டியிருப்பார், திட்டிவிட்டு அடங்கியிருப்பார். அவரை மட்டுமா நான் மூன்று மாதமாகப் பட்டினி போட்டேன் என்று தோன்றியது. அதனால் கோபம் ஒரு துளியும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் திலகசிறி பொட்டலத்தை அடுப்பங்கரையில் வைத்தார். "சமைச்சுத் தா நங்கி. தப்புதான். அன்னிக்கு நான் வாங்கிக் குடுத்திருக்கணும். இப்ப சமைச்சுத் தா."

இந்த வார்த்தைக்காகவே அவள் காத்திருந்தாள். அதைச் சொல்லும்போது அவர் கண் பொட்டலத்தின் மேலேயே இருந்தது.

"நீங்க வாங்கினது, நீங்களே சமைங்க" என்று சொல்லிவிட்டு அவள் பருப்பைக் கழுவப் போனாள்.

அவர் சமைத்தார். கழுவாமல் வெட்டினார், உப்பை அள்ளிப் போட்டார், தண்ணீர் வற்றியது தெரியாமல் விறகைத் தள்ளினார். வெளியே கருகி உள்ளே வேகாத துண்டைப் படியில் உட்கார்ந்து பிய்த்துத் தின்றார். மல்காந்தி எதிரில் நின்றாள்.

"நல்லாயிருக்கா லொகு ஐயா?"

அவர் அடுத்த துண்டைப் பிய்த்தார்.

கருகின வாசனை மூன்று நாள் வீட்டுக்குள்ளேயே நின்றது. மல்காந்தி ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை.