பெட்டி அடுக்கிற வேலை

அவனுடைய முகத்தை மறைத்திருந்தார்கள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். அவன் குனிந்தால் அதுவும் குனிந்தது. தரை தெரியாத அளவுக்குக் கோழிகள். அவற்றைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, பிளாஸ்டிக் பெட்டிகளுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு கைபேசியைச் செருகி யாருடனோ பேசியபடியே அதைச் செய்துகொண்டிருந்தான்.

பண்ணைக்குள் களவாக எடுத்த அந்தப் படத்தைக் கொண்டுவந்தவள் மெற்றில்டா. பெரிய கோழிப் பண்ணைகளை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராகக் குரல் கொடுக்கும் ஒரு சிறிய குழுவை நடத்துகிறாள். அந்தக் குழுவுக்குப் பணம் கொடுக்கும் அறக்கட்டளையில் எனக்கு வேலை. விண்ணப்பங்களைப் படித்து, இவர்களுக்குக் கொடுக்கலாம், இவர்களுக்கு வேண்டாம் என்று எழுதுவேன். லண்டனில், மோர்டனில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கோழி வக்கீல். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவர் கறியை அள்ளிப் போட்டுக்கொண்டு, "குமுதினி, உம்மட கட்சிக்காரர் இண்டைக்கு நல்லா அவிஞ்சிருக்கிறார்" என்பார். நான் சிரித்துவிட்டுப் பருப்பைப் போட்டுக்கொள்வேன். அந்தக் கொட்டகைகளின் படங்களைப் பார்த்த பிறகு எனக்குக் கோழி தொண்டையில் இறங்குவதில்லை. மெற்றில்டாவின் வேலையை நான் மனதார நம்புகிறேன். அதுதான் வினையாகப் போயிற்று.

"இவர் பேசுவது தமிழ் என்று நினைக்கிறோம். நீ மொழிபெயர்த்துத் தந்தால் படத்தின் கீழே வரிகளாகப் போடலாம்" என்று சொல்லி ஒலியைக் கூட்டினாள்.

"ஓமக்கா, சாப்பிட்டன்."

என் தம்பி ஹரிசனின் குரல்.

அவன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஹவுன்ஸ்லோவில் ஒரு பார்சல் கிடங்கில் வேலைக்கு நிற்பதாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தான். அகதி வழக்கு முடியும்வரை அவனுக்கு வேலை செய்ய அனுமதி கிடையாது. முதலில் ஏசினேன். பிறகு, அறைக்குள் அடைந்து கிடந்து விசர் பிடிப்பதற்கு இது பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த மாதம் விசாரணை. களவாக வேலை செய்தவன் என்று அதற்குள் தெரிந்தால் அவன் சொல்லும் மற்ற உண்மைகளையும் யார் நம்பப்போகிறார்கள்?

படம் ஓடிக்கொண்டிருந்தது. "பாரமான வேலையொண்டும் இல்லையக்கா. பெட்டி அடுக்கிறதுதான். உள்ளுக்க நல்ல சூடு, குளிரே தெரியாது." பிறகு, "கொஞ்சம் பொறுங்கோ, கை மாத்திறன்."

அந்த அழைப்பு எனக்கு நினைவிருந்தது. சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அவன் கைபேசியைத்தான் கை மாற்றுகிறான் என்று நினைத்து, ஒரு கையில் பானையோடு காத்துக்கொண்டு நின்றேன். திரையில் அவன் இடது கைக் கோழிகளை வலது கைக்கு மாற்றினான். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அதைக் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நான் சொன்ன எதற்கோ சிரித்தான். எனக்கு அவன்மேல் கோபம் பொங்கியது. அடுத்த நொடியே அவனைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது.

"ஒலி சரியில்லை, எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை" என்றேன்.

"பரவாயில்லை. ஒரு மொழிபெயர்ப்பாளரை எங்களுக்குத் தெரியும். மிஸ்டர் ஞானரட்ணம். கோர்ட்டுகளுக்கெல்லாம் போகிறவர்."

ஞானரட்ணம் அண்ணைதான் ஹரிசனுடைய வழக்கறிஞருக்கும் மொழிபெயர்க்கிறார். நாள்கணக்கில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அந்தக் குரலை ஆங்கிலமாக்கியவர். லண்டன் பெரிய ஊர்தான். தமிழ் தெரிந்தவனுக்கு அது ஒரு தெரு.

"வேண்டாம், இன்னொரு தரம் போடு" என்றேன்.

இரண்டாவது முறை கேட்டபின், குரலை எடுத்துவிட்டுக் கோழிகளின் சத்தத்தை மட்டும் வைத்தால் என்ன என்று கேட்டுப்பார்த்தேன். மெற்றில்டா கெட்டவளில்லை. என் யோசனையை நின்று யோசித்துவிட்டுத்தான் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"போன வருடம் எங்கள் விண்ணப்பத்தைப் பற்றி நீதான் எழுதியிருந்தாய். கோழிகளை மட்டும் காட்டினால் சனம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஒரு மனிதரைக் காட்டுங்கள் என்று. எவ்வளவு சரியாகச் சொன்னாய்!"

என் வாயே எனக்குப் பொறி வைத்திருந்தது. இவன் என் தம்பி என்று சொன்னால் அவளுடைய படமும் என்னுடைய வேலையும் சந்திக்கு வரும். பொய்யாக மொழிபெயர்த்தால், வெளிவந்த அன்றே தமிழ் தெரிந்த யாராவது கண்டுபிடிப்பார்கள், பிறகு ஏன் மாற்றினாள் என்று தோண்டுவார்கள். ஆகவே உள்ளதை உள்ளபடியே சொன்னேன். சாப்பிட்டன். பெட்டி அடுக்கிறதுதான். நல்ல சூடு. குளிரே தெரியாது.

அவள் ஒவ்வொரு வரியாகத் தட்டிக்கொண்டு வந்து, கடைசி வரியைத் திரும்ப வாசித்துப் பார்த்தாள். "இதைத்தான் படத்தின் தொடக்கத்தில் வைக்கவேண்டும்" என்றாள் மெதுவாக. பிறகு, "அக்கா என்றால்?"

"மூத்த சகோதரி."

"அவன் எங்கே நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவளுடைய கண்கள் கலங்கின. எனக்காகத்தான் கலங்கின, அது அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது மேசையில் என் கைபேசி அதிர்ந்தது. தம்பி என்று தமிழில் பெயர் எழுந்தது. மத்தியானங்களில் அவன் அழைப்பது வழக்கம். நான் எடுக்காவிட்டால் பயந்துபோய் என் கணவரை அழைப்பான், அவர் என் அலுவலகத்துக்கே அழைப்பார். மெற்றில்டா மரியாதையாகப் படத்தை நிறுத்திவிட்டு, எடு என்று கையால் காட்டினாள்.

எடுத்துக் காதில் வைத்தேன்.

"அக்கா, சாப்பிட்டியளே?" என்றான், பின்னால் சுழலும் விசிறிகளுக்கு மேலால் கேட்கவேண்டும் என்று கத்தி. சின்ன அறை. அந்த ‘அக்கா’ காதில் விழுந்ததும் மெற்றில்டா நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள். அங்கே சாம்பல் வட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, தோளில் கைபேசி, கையிலிருந்த ஒரு கோழியின் சிறகு பாதி விரிந்தபடி.

"என்னக்கா, கேக்குதே?"

கைபேசியைக் காதோடு சேர்த்து இறுக்கி அழுத்தினேன். விரல்களுக்கு இடையால் அவனுடைய குரல் வந்துகொண்டேயிருந்தது.