மேல்மாடத்துக்குச் சொல்லாத சேதி

எர்மெஸின் காதுக்கு அந்த ஊரில் தனி மரியாதை உண்டு. முப்பத்தெட்டு வருடம் வண்டிச் சக்கரம்போல் வார்த்த பாலாடைக்கட்டிகளைச் சுத்தியலால் தட்டி, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஓசையை வைத்தே சொன்ன காது அது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஓபரா அரங்கின் உச்சி மாடத்தில் உட்கார்ந்து பாடகர்களின் தொண்டையைத் தட்டிப் பார்த்தது. அவர் கையை உயர்த்தினால் மாடம் முழுவதும் அடங்கிவிடும்.

அந்த மாடத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பாடுகிறவருக்கு உடம்பு சரியில்லையென்றால் திரைக்கு முன்னால் வந்து ஒருவர் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் யாரும் சீட்டியடிக்க மாட்டார்கள்; அங்கே சீட்டி என்றால் பாராட்டு அல்ல, அவமானம். சொல்லாமல் பாடிச் சறுக்கினால் தேவதையே வந்தாலும் தப்ப முடியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம் சிறப்புக் கச்சேரி. கீழே நடிகர்கள், மந்திரிகள், நேரடி ஒளிபரப்புக்குக் கேமராக்கள். பாட வந்தவள் லவினியா, இந்த ஊர்ப் பெண், பதினோரு வருடம் கழித்து வருகிறாள். அவளுக்கு மேடை உடை உடுத்திவிடும் மிலேனா படியேறி வந்து எர்மெஸைத் தனியே கூப்பிட்டாள்.

"மாமா, அக்காவுக்கு மூணு நாளா தொண்டை கட்டியிருக்கு. மேடையில சொன்னா டிவிக்காரங்க வேற ஆளைப் போட்டுருவாங்க. மாடத்துல நீங்களே சொல்லிடுங்கன்னாங்க. உங்களைத்தான் நம்பியிருக்காங்க."

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோது லவினியா கொடுத்த ஒரு தொலைக்காட்சிப் பேட்டி நினைவுக்கு வந்தது. முதல் கைதட்டல் எங்கே கிடைத்தது என்று கேட்டதற்கு, "வியன்னாவில்" என்றிருந்தாள். இதே அரங்கில் அவள் முதன்முதலாகப் பாடியபோது முதலில் தட்டிய கை தன்னுடையது என்பது அவருக்குத் தெரியும். வியன்னாவாம், வியன்னா! கொஞ்சம் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் பாட்டின் உச்சத்தில் அவள் குரல் உடைந்தது. மாடம் சீட்டியடித்தது. பக்கத்தில் இருந்த நீவெஸ், முடிதிருத்தும் கடைக்காரி, "வெக்கங்கெட்ட பாட்டு!" என்று கத்தினாள். எர்மெஸ் கையை உயர்த்தியிருக்கலாம். கை தொடையை விட்டு எழவில்லை. லவினியா ஒரு கணம் மேலே பார்த்துவிட்டு, திரை விழும்வரை நடுங்கிக்கொண்டே பாடினாள். கிழட்டுப் பொறாமைக்காக ஒரு பெண்ணை ஊரே பார்க்கக் கொன்றுவிட்டோமே என்று எர்மெஸ் கூசினார்.

மன்னிப்புக் கேட்கலாம் என்று பின்வாசலில் போய் நின்றார். நீவெஸும் கூடவே வந்தாள், இன்னும் ரெண்டு வார்த்தை நேரில் சொல்ல. கழுத்தில் சால்வையோடு வந்த லவினியா நேராக எர்மெஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க மட்டும்தான் சீட்டியடிக்கல. நான் மேல பாத்தேன். மிலேனாகிட்ட சொல்லி அனுப்பினேன், நீங்களும் மாடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருப்பீங்க. அவங்க கேக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?"

நீவெஸ் திரும்பி எர்மெஸைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததுமே, சேதியை அவர் விழுங்கிவிட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. எர்மெஸ் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"சொன்னாரும்மா. தலபாடா அடிச்சிக்கிட்டார். நாங்கதான் கேக்கல."

"நீவெஸ் அக்கா, என் முதல் கச்சேரிக்கு நீங்கதானே தலை பின்னிவிட்டீங்க? நீங்களா சீட்டியடிச்சீங்க?" என்றாள் லவினியா. பதிலுக்குக் காத்திராமல் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எர்மெஸின் கன்னத்தில் முத்தமிட்டுக் காரில் ஏறினாள்.

"எதுக்கு நீவெஸ்?" என்றார் எர்மெஸ்.

"எங்களுக்கு என்ன, வழக்கமா திட்டு வாங்கறவங்கதானே. உன்னையும் தொலைச்சிட்டு அவ எங்கய்யா போவா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மா காதை மட்டும் வச்சிருக்கியே, வாய் எதுக்குய்யா உனக்கு?"

கார் தெருமுனைச் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது. கண்ணாடி இறக்கித்தான் இருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். எர்மெஸ் கூப்பிடவில்லை.