பின்பாரம்

அன்று காலை அந்த அம்மாளிடம் நான் அதைச் சொன்னேனா, சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு நின்றேனா, எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இரண்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சொன்னதுபோல ஒரு ஞாபகம், வாய் உலர்ந்து நின்றதுபோல இன்னொரு ஞாபகம். இத்தனை வருஷத்தில் எது முதலில் வந்தது என்பதுகூட மறந்துவிட்டது.

மற்றதெல்லாம் தெளிவாக இருக்கிறது. 1963, மாசி மாதம். உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊரில் வேதாசலம் ஐயாவிடம் நான் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய ஒரே மகன் ராஜாராம் முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். மெட்ராஸில் படித்தபோது அவன் வாங்கி வந்த கார் ஒன்று மாட்டுக்கொட்டகையின் கோடியில் சாக்கு மூடிக் கிடந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத சின்ன வெள்ளைக்கார வண்டி. மூக்கு நீளம், உயரம் என் இடுப்பளவுதான். ஊரில் அதை உள்ளும் புறமும் அறிந்த ஆள் நான் ஒருவன். அவன் ஸ்பேனர் கேட்பான், நான் எடுத்துக் கொடுப்பேன். ஒருநாள் பக்கத்து இருக்கையில் என்னை ஏற்றிக்கொண்டு மாகறல் வரைக்கும் போய் வந்தான். எங்கள் தெருக்காரன் ஒருவன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனதை ஊர் ஒரு மாதம் பேசியது. அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

காரை மெட்ராஸில் ஒருவருக்கு விற்பதென்று ஐயா முடிவு செய்தார். வாலாஜாபாத் ரயிலடிக்குக் கொண்டுபோய் கூட்ஸில் ஏற்ற வேண்டும். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. டயர்கள் வெடித்திருந்தன. கட்டி இழுத்துப் போகலாம் என்றால், அதன் அடிவயிறு தரையிலிருந்து ஒரு சாண்கூட இல்லை. பாலாற்று வண்டிப்பாதையில் அது பத்தடி போகாது. டிரெய்லரில் ஏற்றித்தான் ஆக வேண்டும்.

வாலாஜாபாத் அரிசி ஆலையில் நாலு சக்கர டிரெய்லர் ஒன்று இருந்தது. நீளமானது, தாழ்வானது. எந்தப் பக்கம் பாரம் வைத்தாலும் அசையாது. நான் அதைத்தான் சொன்னேன். கதவுக்குப் பின்னாலிருந்து ஐயாவின் மனைவி செல்லம்மாள் வெளியே வந்தார்கள்.

"அது வேணாம் ஐசக்கு. அதுலதான் எம் புள்ளைய எடுத்தாந்தாங்க. அது மறுபடி என் வாசலுக்கு வரக்கூடாது."

உண்மைதான். ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்தது அதில்தான். எனக்கு எப்படி மறந்தது என்று தெரியவில்லை. மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். டிரெய்லரை டிரெய்லராக மட்டும் பார்த்துவிட்டேன்.

மீதி இருந்தது ஐயா வீட்டு இரண்டு சக்கர டிரெய்லர், கரும்பும் நெல்லும் ஏற்றுவது. மாட்டுவண்டி ஓட்டியவனுக்கு இது புரியும். இரண்டு சக்கர வண்டிக்குப் பாரம் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்பாரமானால் நுகம் மாட்டின் கழுத்தைத் தூக்கும். டிராக்டருக்கும் அதே கதைதான், பின்சக்கரத்தைத் தூக்கும். பக்கப் பலகைகளைக் கழற்றி, களத்துமேட்டில் அதைப் பின்பக்கமாகச் சேர்த்து நிறுத்தி, பன்னிரண்டு பேர் காரைத் தள்ளி ஏற்றினோம். மூக்கு டிராக்டரைப் பார்க்க இருந்தது. எஞ்சின் முன்னால். பாரம் சரியாக உட்கார்ந்தது. வடக்கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருக்கையில் அந்த அம்மாள் மறுபடியும் வந்தார்கள்.

"திருப்பி வையுங்க. மூஞ்சி வூட்டப் பாத்தாப்புல இருக்கட்டும்."

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தோம்.

"அவன் எப்ப கெளம்புனாலும் திரும்பிப் பாத்துட்டுதான் போவான்" என்றார்கள்.

மூக்கு பின்னால் போனால் எஞ்சினும் பின்னால் போகும். பார்க்கிறவர்களுக்குக் கனம் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஐயாவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். கனம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன். நான் இங்கேதான் அதைச் சொன்னேன், அல்லது சொல்லவில்லை. "பின்பாரம் ஆயிடும்மா." இரண்டே வார்த்தை. அந்த அம்மாள் காரின் விளக்குகளைப் பார்த்தபடி நின்றார்கள். ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டு வாசலில் குரலை உயர்த்தி எனக்குப் பழக்கமில்லை.

இறக்கினோம். திருப்பி ஏற்றினோம்.

என் தங்கை மார்த்தாளின் புருஷன் ஏசுதாஸ் என்னோடு வந்தான். ஏற்றத்தில் வண்டி நின்றால் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை போட ஒரு ஆள் வேண்டும். அவர்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னா மச்சான், புருஷன் வூட்டுக்குப் போற பொண்ணு மாரி திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே வருது?"

"பேசாம வாடா மாப்ளே. புள்ள போயி வயிறெரியுறவங்க காதுல வுழப்போவுது."

"நீ ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?"

"பின்னால பாரம் கீது."

"இத்தனூண்டு வண்டிக்கு இன்னா பாரம்! அத நானே தூக்கிக்கினு போவேன்."

அவனிடம் சொன்னது நிச்சயம். அதனால்தான் சந்தேகமே. அவனிடம் சொன்னதைத்தான் அந்த அம்மாளிடம் சொன்னதாக நினைத்துக்கொள்கிறேனோ என்னவோ.

பாலாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் மெதுவாக ஊர்ந்து பழையசீவரம் கரைக்கு வந்தோம். அங்கே ஏற்றம். பாதி ஏறியதும் டிராக்டரின் பின்சக்கரங்கள் பிடிப்பில்லாமல் சுற்ற ஆரம்பித்தன. என் இருக்கை லேசாக மேலே எழும்புவதுபோல இருந்தது. டிரெய்லர் பின்னால் சாய்ந்து எங்களைத் தூக்குகிறது என்று தெரிந்தது. "கட்டை போடு" என்று கத்தினேன். அவன் குனிந்திருப்பான். கயிறு அறுந்த சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கார் வழுக்கி இறங்கிய சத்தம். அது பெரிதாகக்கூட இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தபோது காரின் மூக்கு மணலில் குத்தி நின்றது. அதன் கீழே அவன் இருந்தான். ஆட்கள் வந்து தூக்க அரைமணி நேரம் ஆனது. அதுவரை அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை சூடாக இருந்தது, பிறகு இல்லை. சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய வரை மணல். ஆறு மூட்டை மணலை டிரெய்லரின் முன்பக்கத்தில் போட்டிருந்தால் போதும். அந்த யோசனை எனக்கு அப்போதுதான் வந்தது, ஆற்று மணலில் உட்கார்ந்துகொண்டு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மார்த்தாள் என்னிடம் கேட்டாள். அழவில்லை. அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பி வெச்சா ஆவாதுன்னு உனக்குத் தெரியுமாமே. அந்தம்மாகிட்ட சொன்னியாண்ணா?"

"சொன்னேன்" என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். நேராக அந்த வீட்டு வாசலுக்கு. பின்னாலேயே ஓடினேன். எங்கள் தெருப் பெண் எவளும் அந்த வாசலில் முன்பக்கமாக நின்றதில்லை. செல்லம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கண்ணன் உங்ககிட்ட சொல்லிச்சாம்மா?"

செல்லம்மாள் என்னைப் பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொன்னான்" என்றார்கள். "நான்தான் கேக்கல."

நான் சொன்னது அவர்களுக்கு உண்மையிலேயே ஞாபகம் இருந்ததா, அல்லது பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் எனக்கு ஒரு தங்கையாவது மிஞ்சட்டும் என்று அந்தச் சொல்லைக் கொடுத்தார்களா, நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் ஐந்து வருஷம் அங்கேதான் வேலை செய்தேன். அவர்களும் அதைப் பேசியதில்லை.

காரை வாலாஜாபாத்தில் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டார்கள். வேதாசலம் ஐயா அறுபத்தாறில் இறந்தார். இரண்டு வருஷம் கழித்து செல்லம்மாள். டிராக்டரை விற்றார்கள், நான் லாரிக்குப் போனேன். மார்த்தாள் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். ஆற்றிலிருந்து எடுத்து வந்த அந்தக் கட்டை அவள் வீட்டில் இருக்கிறது. காற்றடிக்கிற நாளில் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க, அதைக் காலால் தள்ளி அண்டை கொடுக்கிறாள்.