இருபத்தாறு பாட்டில் கனம்

1

போன மாதம் எங்கள் தெரு மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மாத்திரையைக் கொடுத்த கடைக்காரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, அந்த மூட்டைக்காரருக்கு அடுத்து நின்னது நீங்கதானே சார்?"

எந்த நாளைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "இல்லைங்க, வேற யாராவது இருக்கும்" என்றேன். வீட்டுக்கு வந்து இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். பொய் சொன்ன வாயோடு உட்கார்ந்தால் எனக்கு வழக்கமாக எழுத்து நன்றாகவே வரும். இந்த முறை வரவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'கொள்ளைநோய் ஊரை விழுங்கிக்கொண்டிருந்த அந்தக் கோடையில்—' (விழுங்க அதற்கு வாயா இருக்கிறது? அடித்தாயிற்று.)

'ஈவிரக்கமில்லாத மருந்துக்கடைக்காரி ஒருத்தி—' (இது எனக்கு வசதி. திட்டுவதற்கு உங்களுக்கு ஓர் ஆள் கிடைத்துவிடும். ஆனால் கிளினிக்குகள் எல்லாம் பூட்டிக்கிடந்த அந்த மாதங்களில் எங்கள் தெருவில் திறந்திருந்த ஒரே கதவு அவருடையதுதான்.)

'குழந்தைகளைக் கூட்டி வராதீர்கள் என்று கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது.' இது இருக்கட்டும். இதில் நான் எதையும் சேர்க்கவில்லை.

3

குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து அப்போது எங்கேயும் கிடைக்கவில்லை. பாட்டில்கள் வந்த அன்றே தீர்ந்தன. மிஞ்சியது பெரியவர்கள் போடும் மாத்திரை. அதைத்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும். பாதியா, காலா என்பது குழந்தையின் எடையைப் பொறுத்தது. குழந்தை கடைக்கு வர முடியாது. எடை மெஷின் யார் வீட்டில் இருக்கிறது?

கடைக்காரம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். சலைன் பாட்டில்கள் அடுக்கிய அட்டைப்பெட்டியை மேசைமேல் வைப்பார். ஒரு பாட்டில் ஏறக்குறைய அரைக் கிலோ.

"தூக்கிப் பாருங்க. உங்க பிள்ளை இவ்ளோ இருக்குமா?"

அம்மாக்கள் பெட்டியை இடுப்பில் வைத்துப் பார்ப்பார்கள். "ரெண்டு எடுங்க... ஆங், இதுதான் என் பையன்" என்பார்கள். ஒருத்தி தன்னையறியாமல் பெட்டியைத் தட்டிக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரம்மா பாட்டில்களை எண்ணுவார். இருபத்துநாலுக்கு மேலே என்றால் பாதி, கீழே என்றால் கால். உடைத்த துண்டுகளைத் தாளில் மடித்து மேலே எழுதித் தருவார்.

(டாக்டர் யாராவது இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம். அந்த மாதங்களில் டாக்டர்கள் யாரும் ஃபோனை எடுக்கவில்லை என்பதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளவும்.)

4

காலை பதினோரு மணி. எனக்கு முன்னால் அவர் நின்றார். கோடவுனில் மூட்டை தூக்குபவர். சட்டையில் வலது தோள் மட்டும் தேய்ந்து நூல் பிரிந்திருந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்றார்.

பெட்டியை அவர் இடுப்பில் வைக்கவில்லை. இரண்டு கைகளிலும் ஏந்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு போடுங்கக்கா."

போட்டார்.

"இன்னும் ஒண்ணு. ம்... இதான் பாப்பா."

இருபத்தாறு பாட்டில்கள் இருந்தன.

"நல்லாத் தெரியுமா தம்பி?"

"மூட்டை தூக்கற கைக்கா. கால் கிலோ குறைஞ்சாலும் காட்டிக் குடுத்துடும்."

கடைக்காரம்மாவுக்கு அந்தக் கையில் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கும்தான். பதினெட்டுப் பாதிகளை மடித்து, 'பாதி, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை' என்று எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு திரும்பியவர் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"ஜன்னல் வழியாதான் நீட்டணும். லாரி ஆளுங்களோட கிடக்கறேன்னு நாப்பது நாளா நான் வீட்டுக்குள்ள போகல. இப்ப பாப்பாவோட அம்மாவுக்கும் காய்ச்சல்."

கடைக்காரம்மா சட்டென்று நிமிர்ந்தார். "தம்பி, அப்போ பாப்பாவக் கடைசியா எப்போ—"

(இந்த வாக்கியத்தை நான் பாதியில் விடவில்லை. அன்று பாதியில்தான் நின்றது.)

வரிசையில் அடுத்து நின்றவர் தன் சீட்டை மேசைமேல் வைத்து, "கொஞ்சம் சீக்கிரம் பாருங்கம்மா" என்றார். கடைக்காரம்மா அந்தச் சீட்டை எடுத்துப் படித்தார். நிமிர்ந்தபோது மூட்டைக்காரர் சாலையைக் கடந்துவிட்டார்.

5

அந்த அடுத்த ஆள் எனக்குப் பெரிய தலைவலியாகிவிட்டான். முதலில் எழுதிய படியில் அவனுக்கு இதயநோய் கொடுத்தேன். இரண்டாம் படியில் அவன் அம்மா மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். மூன்றாம் படியில் அவனுக்கே ஆஸ்துமா. எத்தனை நோய் கொடுத்தும் ஆள் நம்பும்படி அமையவில்லை.

சீட்டில் இருந்தது இதுதான்: தலைச்சாயம், கறுப்பு, இரண்டு பாக்கெட். கம்ப்யூட்டரில் நடக்கும் ஆபீஸ் கூட்டத்தில் என் காதோர நரை பளிச்சென்று தெரிந்தது. மதியம் ஒரு கூட்டம் இருந்தது. வெட்கமாக இருக்கிறது.

6

நேற்று மறுபடியும் கடைக்குப் போனேன்.

"நான்தாங்க அது."

"தெரியும் சார்" என்றார், மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே.

பிறகு அவராகச் சொன்னார். மூட்டைக்காரர் மருந்து வாங்கிப்போன ஐந்தாம் நாள் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் கடைக்கு வந்திருக்கிறாள். அம்மாவையும் பிள்ளையையும் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். மூட்டைக்காரர் பின்னாலேயே ஓடினாராம்.

"பாப்பாவ ஒத்தக் கையால தூக்கி ஏத்தினாங்களாம் சார். அவ்வளவு இளைச்சிருக்கு. அவர் கை தப்புச் சொல்லல. நாப்பது நாளைக்கு முந்தின பாப்பாவச் சொல்லியிருக்கு. கால் குடுக்க வேண்டிய இடத்துல பாதி குடுத்தேன். மூணு நாளும் அப்படிப் போயிருந்தா ஈரல் என்னத்துக்கு ஆகும்? நான்தான் கேட்டிருக்கணும்."

'நீங்கள்தான் கேட்க விடவில்லை' என்று சொல்வார் எனக் காத்திருந்தேன். சொல்லவே இல்லை. பழி முழுவதையும் தானே எடுத்துக்கொண்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

"எந்த ஆஸ்பத்திரின்னு விசாரிச்சீங்களா?"

"மூணு இடத்துக்கு ஃபோன் போட்டேன். பேரு என்னன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் பாப்பான்னுதான் தெரியும். எனக்கு இருபத்தாறு பாட்டில்னுதான் சார் தெரியும்."

அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. அந்த வீட்டில் இப்போது வேறு யாரோ குடியிருக்கிறார்கள்.

7

முடிவு ஒன்று: மூட்டைக்காரர் பாப்பாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு கடைக்கு வருகிறார். பாப்பா அட்டைப்பெட்டியைக் காட்டி— (வேண்டாம். எனக்கு நானே மன்னிப்பு எழுதிக்கொள்கிறேன்.)

முடிவு இரண்டு: பதினெட்டுப் பாதிகளும் உள்ளே போகின்றன. மூன்றாம் நாள் காலையில் பாப்பாவின் கண்கள்— (எழுதினால் நீங்கள் அழுவீர்கள். அழுது முடித்துவிட்டு எழுந்து போய்விடுவீர்கள்.)

மூன்றாவது முடிவு கடைக்காரம்மாவுடையது. "அவங்க அம்மா அதை இன்னொரு தடவை உடைச்சிருப்பா சார். தூக்கி வச்சிருக்கறவளுக்குத் தெரியாதா?" இரண்டு வருடமாக இதைத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதை எழுத எனக்கு உரிமையில்லை, அடிக்கவும் மனம் வரவில்லை.

ஆகவே உங்களிடம் தருகிறேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே பொட்டலத்தோடு ஒரு கை நீள்கிறது. உள்ளே, உடம்பெல்லாம் கொதிக்க, அம்மா நிற்கிறாள். அவள் இடுப்பில் பாப்பா. அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். பொட்டலத்தின் மேல் 'பாதி' என்று மருந்துக்கடையின் தெளிவான கையெழுத்தில் இருக்கிறது. அவள் அதைப் பிரிக்கிறாள்.

அதற்குப் பிறகு அவள் என்ன செய்தாள் என்று நீங்கள் எழுதுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் உங்களுக்கு அடுத்து நான்தான் நிற்கிறேன். இந்த முறை வாயைத் திறக்க மாட்டேன்.