குல்சும் உட்காராத புதன்கிழமை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பஸ்ஸில் கிடைத்தது. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பஸ். பாதி சீட்டு காலி. ஓரிக்கை தாண்டியும் ஓர் அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "உட்காருங்களேன்" என்றேன். "வேணாங்க. குந்துனா இடுப்புல உயிர் போவுது. நின்னுக்கினே வந்துட்றேன்" என்றார். மாகறல் வருவதற்குள் அவர் என் மனசில் ஏறி உட்கார்ந்துவிட்டார். (பாருங்கள், "உட்கார்ந்துவிட்டார்" என்றுதான் எழுத வருகிறது. இந்தக் கை என்னைப் பின்னால் மாட்டிவிடப் போகிறது.)

அவருக்கு உம்முல் குல்சும் என்று பெயர் வைத்தேன். உத்திரமேரூர் பஜார் தெருவில் ஒரு தையல் கடை வைத்துக் கொடுத்தேன். இரண்டு தெரு தள்ளி ஓர் ஆஸ்பத்திரியும் கட்டினேன். போய்த் தேடாதீர்கள், அது காகிதத்தில் கட்டியது.

2

முதல் தொடக்கம்: "வலி என்பது மனிதகுலத்தின் ஆதி..." அடித்துவிட்டேன். இடுப்பு பிடித்த யாரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டாவது: "டாக்டர் பாஸ்கர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து..." இதுவும் வேண்டாம். டாக்டரில் தொடங்கினால் கதை மாத்திரைச் சீட்டில் முடிந்துவிடும்.

மூன்றாவதாக நர்ஸ் பிருந்தாவைக் கொண்டுவந்தேன். அவ்வளவுதான், கதை பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கிவிட்டது. எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

பிருந்தாவுக்கு எதையும் ஆறப்போடத் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் பாஸ்கர் திங்கட்கிழமை வருவார். பிசியோதெரபி பார்க்கும் ஆல்பர்ட் வியாழன். மனநல ஆலோசகர் சுபாஷ்ரீ சனி. மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். ஒருவரையொருவர் பார்த்ததுதான் இல்லை. ஒரு சனிக்கிழமை குல்சும், பிருந்தாவின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மூணு பேரும் நல்லவங்கதான் சிஸ்டர். டாக்டரு படுன்றாரு. அந்தத் தம்பி நடன்றாரு. இந்தப் பொண்ணு வூட்ல கெடக்காத, கடையத் தெறன்னுது. மாத்திரையப் போட்டா தூக்கம் தூக்கமா வருது. நான் யார் பேச்சக் கேக்குறது? எங்கிட்ட இன்னா மூணு இடுப்பா கீது?"

பிருந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பேச்சில் அது போன இடம் தெரியவில்லை.

"நான் இனிமே வரல. தையல் மெஷின வித்துட்றேன். பேஜாராப் பூட்ச்சி."

(இந்த இடத்தில் நானும் பயந்தேன். மெஷினை விற்றுவிட்டால் குல்சும் வெறும் நோயாளியாகிவிடுவார். கதையும் படுத்துவிடும்.)

"அக்கா, ஒரே ஒரு தபா வா. புதன்கெழம. மூணு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கிறேன். அப்பவும் ஆளுக்கொரு பேச்சுன்னா, நானே வந்து மெஷின வித்துக் குடுக்குறேன்" என்றாள் பிருந்தா.

வாக்குக் கொடுத்த பிறகுதான் போன் செய்யவே ஆரம்பித்தாள். டாக்டர், "எதுக்குப் பிருந்தா? அவங்க ரெண்டு பேரும் எழுதினது ஃபைல்ல இருக்குமே" என்றார். "நீங்க படிச்சீங்களா சார்?" என்று கேட்டாள். டைரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "புதன்கிழமை வர்றேன்" என்றார். ஆல்பர்ட் செங்கல்பட்டு வேலைக்கு லீவு சொன்னான். சுபாஷ்ரீ தன் மகளின் பள்ளிக்கூட நிகழ்ச்சியிலிருந்து பாதியில் கிளம்பி வருவதாகச் சொன்னாள்.

3

புதன்கிழமை! பிருந்தா அறையைத் தானே கழுவித் தள்ளினாள். எங்கெங்கிருந்தோ ஐந்து நாற்காலிகளைத் தூக்கி வந்து வட்டமாகப் போட்டாள். ஒன்றுக்கு மட்டும் மெத்தை. டாக்டர் வந்தார்! ஆல்பர்ட் வந்தான்! சுபாஷ்ரீயும் வந்துவிட்டாள்! (இந்த ஆச்சரியக்குறிகளை வெட்டச் சொல்வார்கள். வெட்ட மாட்டேன். மூன்று பேரை ஒரே நேரத்தில் ஒரு அறைக்குள் கொண்டுவந்து பாருங்கள், அப்போது தெரியும்.)

குல்சும் உள்ளே வந்தார். எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். மெத்தை போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்

4

ஐயோ.

முதல் பகுதியில் நானே எழுதியிருக்கிறேன், அவரால் உட்கார முடியாதென்று. எனக்கு மறந்துவிட்டது. பிருந்தாவுக்குமா மறக்கும்? மறந்திருக்கிறது. ஐந்து நாற்காலி! மீட்டிங் என்றாலே நம் எல்லோருக்கும் நாற்காலிதான் முதலில் ஞாபகம் வருகிறது. சரி, திரும்ப எழுதுகிறேன்.

குல்சும் உள்ளே வந்து கதவோரம் நின்றார்.

"உட்காருங்கம்மா" என்றார் டாக்டர்.

"உக்காருங்கக்கா" என்றான் ஆல்பர்ட்.

"ரிலாக்ஸா உட்காருங்க" என்றாள் சுபாஷ்ரீ.

மூன்று பேரும் முதல்முறையாக ஒரே பேச்சைப் பேசினார்கள். அதுவும் அவரால் முடியாத ஒன்றை.

"குந்த முடியலன்னுதானே இத்தினி நாளா வந்துகினு கீறேன்?" என்றார் குல்சும். "நான் வர்றேன் சிஸ்டர்." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு திரும்பினார்.

 பிருந்தா என்ன செய்வதென்று தெரியாமல் மெத்தை நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் வைத்தாள். அடுத்ததையும் தூக்கினாள். "எழுந்துருங்க சார்! யாரும் உக்காராதீங்க!" டாக்டர் திடுக்கிட்டு எழுந்தார். அவருடைய நாற்காலியும் வெளியே போனது. வெற்று அறையில் எல்லோரும் நின்றார்கள். வாசல்வரை போன குல்சும் திரும்பிப் பார்த்தார்.

சுபாஷ்ரீதான் கேட்டாள்: "அக்கா, வலி மறந்து போற நேரம் ஏதாவது உண்டா?"

"துணி வெட்டிக்கினு இருந்தா ஒண்ணும் தெரியாது."

"நின்னுக்கிட்டா வெட்டுவீங்க?" இது டாக்டர்.

"பின்ன? மேசைல போட்டு நின்னுக்கினுதான்."

"மேசை எவ்ளோ ஒசரம்?" ஆல்பர்ட் கிட்டத்தட்டக் கத்தினான். "மெஷின அதும் மேல ஏத்திட்டா, நின்னுக்கிட்டே தைக்கலாம்ல?"

அதற்குப் பிறகு யார் என்ன பேசினார்கள் என்று என்னால் பிரித்து எழுத முடியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கடையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று டாக்டர்தான் முதலில் செருப்பை மாட்டினார்.

5

ஐந்து பேரும் பஜார் தெருவில் போனதைப் பார்த்து டீக்கடைக்காரர், "இன்னா, ரெய்டா?" என்று கேட்டார்.

கடையில் ஆல்பர்ட் மோட்டார் மெஷினைத் தூக்கி வெட்டும் மேசைமேல் வைத்தான். ஆடாமல் டாக்டர் பிடித்துக்கொண்டார். "அரை மணிக்கு ஒரு தடவை நடக்கணும்" என்றான் ஆல்பர்ட். "நடந்தா போதாது, கொஞ்சம் படுக்கணும். பகல் மாத்திரையை நான் நிறுத்தறேன்" என்றார் டாக்டர். "துணி மூட்டைய யார் தூக்கறது? அதப் பேசவேயில்லையே" என்றாள் சுபாஷ்ரீ. குரல்கள் ஏறின. பிருந்தா பதறிப்போய்க் குல்சுமைப் பார்த்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"சண்ட போடுங்க, போடுங்க. இப்பதான் என் எதுர்ல போட்றீங்க. எது எனுக்குத் தோதுன்னு நான் சொல்றேன்."

6

முடிவு அ: வலி பறந்துவிட்டது. (பொய். நாள்பட்ட வலி அப்படிப் போகாது.)

முடிவு ஆ: உயர மேசை ஒத்துவரவில்லை, மெஷின் விலைக்குப் போனது. (நடக்கலாம். எழுத மனசு வரவில்லை.)

முடிவு இ: புதன்கிழமைதோறும் நாற்காலி இல்லாத அந்த அறையில் கூட்டம் தாங்கவில்லை. (இது என் ஆசை. பிருந்தாவுடையதும்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். குல்சும் நின்றபடியே துணியை ஊசிக்கு அடியில் கொடுத்தார். சுவிட்சைக் காலால் மிதித்தார். மெஷின் ஓடியது. ஒரு தையல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. பிருந்தாவால் அடக்க முடியவில்லை.

"எப்டிக்கா கீது இப்போ?"

மூன்று பேர் வாயும் பதில் சொல்லத் திறந்து, மூடிக்கொண்டன. நானும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எவ்வளவு வலிக்கிறது என்று அவர்தான் சொல்லவேண்டும். குல்சும் நூலைக் கத்தரித்தார்.

"அந்தப் பச்சத் துணிய எடு சிஸ்டர்" என்றார்.

இனி நீங்கள் எழுதுங்கள். வலியைக் குறையுங்கள், கூட்டுங்கள், அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான்: கதையை முடிக்கிற அவசரத்தில் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிடாதீர்கள்.